அரண்மனைக்குக் கூட்டிப் போகிற வேலை

பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கிற பீட்டர்ஹோஃப் போக வேண்டும் என்று ரஷ்யாவில் படிக்கிற நம் மாணவர்கள் யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது கிழமையைத்தான். திங்கட்கிழமை என்றால் அங்கே பெரிய அரண்மனை திறக்காது. செவ்வாய்க்கிழமை என்றால் சார்ஸ்கோயே செலோவில் கேத்தரின் அரண்மனைக்கு விடுமுறை. அதுவே மாதத்தின் கடைசிச் செவ்வாயாக இருந்துவிட்டால், கழுவித் துடைக்கிற நாள் என்று பீட்டர்ஹோஃப் அரண்மனையையும் பூட்டிவிடுவார்கள். அடுத்து மாதத்தைக் கேட்பேன். நீரூற்றுகளை ஏப்ரல் கடைசியில், இல்லையென்றால் மே தொடக்கத்தில் திறப்பார்கள். அக்டோபர் நடுவில் நிறுத்திவிடுவார்கள். நம் பிள்ளைகள் பலர் விசா தாமதமாகி அக்டோபர், நவம்பரில்தான் வந்து இறங்குகிறார்கள். வந்த வாரமே, “அங்கிள், அந்தத் தங்கச் சிலை ஃபவுண்டன் பார்க்கணும்” என்பார்கள். போனால் தண்ணீர் இருக்காது. பூங்காவில் இருக்கிற பளிங்குச் சிலைகளைக்கூடக் குளிருக்காக மரப்பெட்டி வைத்து மூடியிருப்பார்கள். மே மாதம்வரை பொறுத்திருங்கள் என்று சொன்னால் ஏதோ நான் வேலைக்குச் சோம்புகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் 1980களின் நடுவில் பொறியியல் படிக்க லெனின்கிராடுக்கு வந்தவன். கோடை விடுமுறைகளில் இளைஞர் குழுக்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போவேன். அப்போது வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர்களை அரசுச் சுற்றுலா நிறுவனமான இன்டூரிஸ்ட் பார்த்துக்கொள்ளும். மாணவர்களையும் இளைஞர்களையும், கட்சியின் இளைஞர் அமைப்பான கொம்சொமோலின் ‘ஸ்புட்னிக்’ பார்த்துக்கொள்ளும். இந்தியாவிலிருந்து நட்புறவுக் குழுக்கள் வரும். அரண்மனையின் வழிகாட்டி ரஷ்ய மொழியில் சொல்வதைப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்வதுதான் என் வேலை. படிப்பு முடிந்தது, ஊர் பெயர் பீட்டர்ஸ்பர்க் என்று மாறியது, நாடே மாறியது. இந்த வேலை மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்து வழிகாட்டிகளின் பேச்சில் ஜார்கள் பெரிதாக வரமாட்டார்கள். கட்டியவர்கள் பண்ணையடிமைகள், இப்போது இது மக்கள் சொத்து என்று தொடங்கி, எத்தனை அறை, எத்தனை கிலோ தங்கம் என்று போகும். உள்ளே நுழையும்போது ஷூவுக்கு மேலேயே கம்பளித் துணியில் தைத்த பெரிய செருப்பை மாட்டிக் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். பலவகை மரத்துண்டுகளை இழைத்துக் கோலம்போல் பதித்த தரை தேயக் கூடாது என்பதற்காக. எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அதை மாட்டிய அடுத்த நிமிடம் வழுக்கி விளையாடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு கூடத்திலும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அதட்டுவார். இப்போது மெல்லிய நீல நிற பிளாஸ்டிக் உறை வந்துவிட்டது, வழுக்குவதில்லை. அதட்டுகிற பாட்டிகள் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

அந்தப் பாட்டிகளை நம் பிள்ளைகள் வெறும் காவலாளிகள் என்று நினைப்பார்கள். நானும் அவர்களிடம் அதிகம் பேசியதில்லை, பீட்டர்ஹோஃப் பெரிய அரண்மனையில் ஒருவர் என்னைக் கூப்பிடும்வரை. எங்கள் குழு ஒரு கூடத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தார். உள்ளே நான்கைந்து கறுப்பு வெள்ளைப் படங்கள். முதல் படத்தில் இதே அரண்மனை. கூரை இல்லை, சன்னல்கள் இருந்த இடத்தில் ஓட்டைகள், உள்ளே வானம் தெரிகிறது. அடுத்த படத்தில் பெரிய நீரருவி. நடுவில், பிள்ளைகள் கேட்கிற அந்தத் தங்கச் சிலை, சாம்சன், இருக்க வேண்டிய பாறை காலியாகக் கிடக்கிறது. “இவர்களுக்கு இதைக் காட்டு, அப்புறம் கூரையைப் பார்க்கட்டும்” என்றார். பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், மேலே பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் ஒருவரும் வழுக்கி விளையாடவில்லை.

அன்றிலிருந்து நானும் அப்படிப் படங்கள் வைத்திருக்கிறேன். முன்பு உறையில், இப்போது போனில். பேருந்து நகரத்தை விட்டு வெளியே வந்ததும் அதைத்தான் முதலில் காட்டுவேன். ஜெர்மன் படை 1941 செப்டம்பரில் பீட்டர்ஹோஃபையும், சார்ஸ்கோயே செலோ இருக்கிற புஷ்கின் நகரையும் பிடித்தது. 1944 ஜனவரியில்தான் வெளியேறியது. அதற்கு முன் கிடைத்த சில வாரங்களில் அருங்காட்சியக ஊழியர்கள் எடுக்க முடிந்ததையெல்லாம் பெட்டிகளில் கட்டினார்கள். சில பெட்டிகள் ரயிலேறிச் சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க்வரை போயின. மற்றவை லெனின்கிராடின் ஐசக் பேராலயத்து நிலவறைக்கு வந்தன. ஜெர்மன் படை லெனின்கிராடைச் சூழ்ந்திருந்த 872 நாள் முற்றுகையில், ஈரம் ஊறிய அந்த நிலவறையிலேயே ஊழியர்கள் பெட்டிகளோடு குடியிருந்தார்கள். எடுக்க முடியாத சிலைகள் பலவற்றைப் பூங்கா மண்ணிலேயே புதைத்தார்கள். சாம்சன் மிகவும் கனம், விட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் திரும்பியபோது அது இல்லை. இன்றுவரை கிடைக்கவும் இல்லை. இப்போது எல்லாரும் முன்னால் நின்று படமெடுக்கிற சாம்சன், பழைய புகைப்படங்களைப் பார்த்துச் சிற்பி வசீலி சீமனவ் செய்தது. 1947ல் நெவ்ஸ்கி சாலை வழியாக லாரியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முற்றுகைப் பட்டினியிலிருந்து மீண்டு மூன்று ஆண்டு ஆகியிருந்த நகரம் அது.

இதைச் சொன்னதும் தவறாமல் ஒரு கேள்வி வரும். “அப்போ இது டூப்ளிகேட்டா அங்கிள்?”

முன்பெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும். இப்போது இதற்காகத்தான் காத்திருக்கிறேன். கேள்வியைக் கேட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்; கேத்தரின் அரண்மனையில் அம்பர் அறைக்கு முந்தைய கூடத்தில் அவருக்கு வேலை இருக்கிறது.

பீட்டர்ஹோஃப் நகரத்துக்கு மேற்கே பின்லாந்து வளைகுடாக் கரையில் இருக்கிறது, சுமார் 30 கிலோமீட்டர். சார்ஸ்கோயே செலோ இருப்பது தெற்கே, இன்று புஷ்கின் என்று பெயர் உள்ள ஊரில். இரண்டும் வெவ்வேறு திசை. ஒரே நாளில் இரண்டும் என்று அச்சடித்துக் கொடுக்கிற ஏஜென்ட்டுகள் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் ஸ்மோலென்ஸ்க்கிலிருந்தும் த்வேரிலிருந்தும் இரவு ரயிலில் வந்து இறங்குகிற மருத்துவ மாணவர்களுக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு நாள். அவர்களிடம் போய் நியாயம் பேச முடியாது. அதனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். காலை 11 மணிக்குப் பீட்டர்ஹோஃபில் இசையோடு பெரிய நீரருவியைத் திறப்பார்கள். அதற்குள் கீழ்ப் பூங்காவில் இடம்பிடித்து நிற்க வேண்டும். பெரிய அரண்மனைக்குள் போகக் கூடாது. போனால் நாள் போயிற்று. ஒரு மணிக்கெல்லாம் பேருந்தில் ஏறிவிட்டால், பிற்பகலில் கேத்தரின் அரண்மனையில் முன்பதிவு செய்த நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஹெர்மிடேஜ் படித்துறையிலிருந்து ‘மெத்யோர்’ விரைவுப் படகில் போக வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அரைமணிக்குச் சற்று மேல், அழகான பயணம்தான். ஆனால் வளைகுடாவில் காற்று பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். காற்றை நம்பி இரண்டு அரண்மனை போக முடியாது.

கீழ்ப் பூங்காவில் நான் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பேன். காணாமல் போனால் சாம்சனுக்கு முன்னால் வந்து நில் என்று சொல்லவே மாட்டேன். உலகத்தில் காணாமல் போன எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். சதுரங்கக் குன்றின் உச்சியில் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் மூன்று டிராகன்கள் இருக்கின்றன. அங்கே வா என்பேன். பெயரும் மறக்காது, கூட்டமும் குறைவு.

சாம்சன் சிங்கத்தின் வாயைப் பிளக்கிறான். அதிலிருந்து 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எழும்புகிறது. 1709ல் பொல்தாவாவில் ரஷ்யாவிடம் ஸ்வீடன் தோற்றது புனித சாம்ப்சோன் திருநாளில். ஸ்வீடனின் முத்திரையில் சிங்கம். கதை அவ்வளவுதான், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் நம்ப மறுப்பது, இங்கே பம்பு கிடையாது என்பதை. வெர்சாயில் பதினான்காம் லூயி தண்ணீரை இயந்திரம் வைத்து மேலே ஏற்றினான். அப்படியும் போதவில்லை, அரசன் நடந்து வரும் பக்கத்து ஊற்றுகளை மட்டும் திறந்துவிடுவார்களாம். முதலாம் பீட்டர் ரோப்ஷா மேட்டு நிலத்தில் ஊற்றுகள் இருப்பதைப் பார்த்து, அங்கிருந்து கால்வாய் வெட்டச் சொன்னார். 1721ல் வசீலி துவோல்கோவ் என்ற பொறியாளர் அந்த வேலையை முடித்தார். 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியில் குளங்கள், மடைகள். பூங்காவுக்கு மேலே வந்து தேங்கி, பள்ளத்தில் இறங்கும் வேகத்தில் பீறிடுகிறது. 300 ஆண்டாக அதே முறைதான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, “எங்க ஊர் ஏரி மதகு மாதிரிதானே, கதவைத் திறந்தா கடைமடைக்குப் போற மாதிரி” என்றான். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை; அவனே பார்த்துக்கொண்டான்.

மோன்ப்ளேசீர் மாளிகைத் தோட்டத்தில் இரண்டு பெஞ்சுகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் கூழாங்கல் பாவிய தரை. உட்காரப் போனால் கல்லுக்கு இடையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி நனைத்துவிடும். விருந்தாளிகளைச் சீண்டுவதற்காகப் பீட்டர் காலத்தில் தொடங்கிய விளையாட்டு. எந்தக் கல்லை மிதித்தால் தண்ணீர் வருகிறது என்பதில் எல்லா நாட்டு மாணவர்களும் ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார்கள். ஒருவன் மிதிப்பான், ஒருவன் போனில் படம் எடுப்பான், மூன்றாவது ஆள், “இதோ இந்தச் சாம்பல் கல்தான்டா” என்று அடித்துச் சொல்வான். அவனே மிதித்தால் வராது. திரும்பி நடக்கும்போது முதுகில் அடிக்கும். கொஞ்சம் தள்ளிப் புதரை ஒட்டி ஒரு சிறிய மரக் கூண்டு இருக்கிறது. அதற்குள் ஒரு மனிதர் உட்கார்ந்து, யாரை எப்போது நனைக்கலாம் என்று பார்த்துக் கையால் திறக்கிறார். பிள்ளைகளின் முகத்தை அவர் படிப்பதைப் பார்த்தால் இருபது ஆண்டு மேடையில் இருந்த நகைச்சுவை நடிகர் தோற்றுப்போவார். நான் ஒருபோதும் கூண்டைக் காட்டிக் கொடுப்பதில்லை. அவரும் என்மேல் தண்ணீர் விடுவதில்லை. இது எங்களுக்குள் பேசிக்கொள்ளாத ஒப்பந்தம்.

வாசலில் வாத்தியக்காரர்கள் நிற்பார்கள். பழைய காலத்து உடுப்பு, புல்லாங்குழல், டிரம்பெட். யார் எந்த நாட்டுக்காரர் என்று பேச்சைக் கேட்டே கண்டுபிடித்து அந்த நாட்டு கீதத்தை வாசிப்பார்கள். நம்மைப் பார்த்தால் ராஜ் கபூர் பாட்டு வரும். ‘ஆவாரா’ படம் 1954ல் சோவியத் திரையரங்குகளுக்கு வந்தது. இந்த ஊரில் அந்தப் பாட்டைத் தெரியாத வயதானவர் இருக்கமாட்டார். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. வாத்தியக்காரர் ஆவலோடு பார்ப்பார், இவர்கள் என்னைப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு பெண் தன் போனில் ஒரு இளையராஜா பாட்டைப் போட்டுக் காட்டினாள். அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை கூடவே வாசித்தார். தொப்பியில் அன்று நல்ல வசூல்.

1990களில் இந்த வேலையில் காசு பார்க்க முடிந்ததென்றால் அது அமெரிக்க, ஜெர்மன் முதியவர்களிடம்தான். வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், ரஷ்யருக்கு ஒரு கட்டணம் என்று டிக்கெட் சன்னலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். இங்கே படிக்கிற மாணவருக்கு அட்டை இருந்தால் குறைந்த கட்டணம். சன்னலுக்குப் பின்னால் இருக்கும் அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்த ஆண்டுக்கான முத்திரை இல்லையென்றால் தள்ளிவிடுவார். நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருப்பது இதுதான்: நான் பேசுவதைவிட நீங்கள் உடைந்த ரஷ்ய மொழியில் இரண்டு வார்த்தை பேசுங்கள். “நான் மாணவன், வோல்கோகிராடில் படிக்கிறேன்” என்று ஒரு பையன் திக்கித் திக்கிச் சொன்னதும் அந்த அம்மாவின் புருவம் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோட்டு வைக்கிற இடம் இன்னொரு சோதனை. ரஷ்ய அருங்காட்சியகத்துக்குள் கனமான கோட்டோடு விடமாட்டார்கள். கீழே கொடுத்து எண் வில்லை வாங்க வேண்டும். கோட்டின் கழுத்துக்குப் பின்னால் கொக்கியில் மாட்ட ஒரு சிறிய துணி வளையம் இருக்கும். அது அறுந்திருந்தால் வாங்குகிற அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். “உன் அம்மா தைத்துத் தரவில்லையா?” என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார். நம் ஊரில் கோட்டே கிடையாது, வளையம் எங்கே? அதனால் என் பையில் ஊசியும் தடித்த கறுப்பு நூலும் எப்போதும் இருக்கும். பேருந்திலேயே வளையத்தைச் சரிபார்க்கச் சொல்வேன். அரண்மனை வரலாற்றைவிட அந்த ஊசிதான் என் பெயரை அதிகம் காப்பாற்றியிருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூங்காவுக்குள் விலை அதிகம். விடுதியில் கிளறிய புளிசாதத்தைப் பேருந்திலேயே முடித்துக்கொள்வது உத்தமம். கழிப்பறையை எங்கே பார்த்தாலும் போய்விட வேண்டும், தேவை இருக்கிறதோ இல்லையோ.

கேத்தரின் அரண்மனைக்கு வந்தால் பிள்ளைகள் முதலில் வாய் பிளப்பது அந்த நீலமும் வெள்ளையும் தங்கமும் கலந்த முகப்பின் நீளத்துக்கு. முந்நூறு மீட்டருக்கு மேல். ரஷ்ய மகாராணி எலிசபெத்துக்காகக் கட்டிடக் கலைஞர் ராஸ்த்ரெல்லி 1750களில் கட்டியது. உள்ளே அம்பர் அறை. பழைய காலத்து மரப்பிசின் பால்டிக் கடலோரத்தில் இறுகிக் கல்லானதுதான் அம்பர். அதைச் சில்லு சில்லாகச் செதுக்கிப் பதித்த சுவர்ப்பலகைகளை 1716ல் பிரஷ்ய அரசர் பீட்டருக்குப் பரிசாகக் கொடுத்தார். 1941ல் அதைப் பெயர்த்தெடுத்தால் உதிர்ந்துவிடும் என்று பயந்து, மேலே காகிதமும் துணியும் ஒட்டி மறைத்துவிட்டு ஊழியர்கள் கிளம்பினார்கள். ஜெர்மானியர்கள் அதைக் கண்டுபிடித்துக் கழற்றிக் கோனிக்ஸ்பெர்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1945க்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை.

அந்த அறைக்குள் நிற்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பின்னால் அடுத்த குழு முட்டிக்கொண்டு நிற்கும், பாட்டி விரட்டுவார். ஆகவே முந்தைய கூடத்திலேயே ஓர் ஓரமாக நிறுத்தி, ‘டூப்ளிகேட்’ கேட்ட ஆளை முன்னால் அழைப்பேன். 1979ல் திரும்பச் செய்ய முடிவெடுத்தார்கள். கையில் இருந்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அம்பரை இப்படிச் செதுக்கத் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. பட்டறையில் கற்றுக்கொண்டே செய்தார்கள். நடுவில் சோவியத் நாடு போய்ப் பணம் நின்றது. பிறகு ஜெர்மனியின் ரூர்காஸ் நிறுவனம் 35 லட்சம் டாலர் கொடுத்தது. 1997ல் ஜெர்மனியில் அந்த அறையின் பழைய கல்லோவியம் ஒன்று விற்பனைக்கு வந்து அகப்பட்டது; 2000ல் திரும்பி வந்தது. 2003 மே 31 அன்று ரஷ்ய அதிபர் புதினும் ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடரும் சேர்ந்து அறையைத் திறந்தார்கள். முதல் அறைக்கு அரசர்கள் இருந்தார்கள். இந்த அறைக்கு 24 ஆண்டுக் கைவேலை இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, “இப்போ உள்ளே போய் நீயே சொல்லு தம்பி” என்று அனுப்புவேன். சிலர் வெளியே வந்து ஒன்றும் சொல்வதில்லை. சிலர், “இருந்தாலும் ஒரிஜினல் இல்லையே அங்கிள்” என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான், நான் வாதாடுவதில்லை.

கடைசிச் சில ஆண்டுகளில் வேலை நிறைய மாறிவிட்டது. 2022 மார்ச்சில் விசா கார்டும் மாஸ்டர்கார்டும் இங்கே நின்றுபோயின. ஊரிலிருந்து கொண்டுவந்த கார்டு பிளாஸ்டிக் துண்டாகிவிட, மாணவர்கள் ரொக்கத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள்; நான் என் ரஷ்ய மீர் கார்டில் மொத்தமாக டிக்கெட் எடுக்கிறேன். அதே ஆண்டு ஜூலையிலிருந்து வழிகாட்டியாக வேலை செய்யத் தேர்வு எழுதி அட்டை வாங்க வேண்டும் என்று சட்டம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியது. என்னிடம் இருப்பது இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். எனவே தாள்களில் நான் மொழிபெயர்ப்பாளன், குழுவோடு வருபவன். அட்டை வைத்திருக்கிற ரஷ்யப் பெண் முன்னால் போகிறார். நான் பின்னால் தலை எண்ணிக்கொண்டு வருகிறேன். உண்மையில் 1980களிலும் இதையேதான் செய்தேன். 2023 ஆகஸ்டில் இந்தியர்களுக்கு மின்விசா வந்ததும் பிள்ளைகளைப் பார்க்க அப்பா அம்மாக்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அம்பர் அறை பெரிதில்லை. மகன் டிக்கெட் சன்னலில் ரஷ்ய மொழியில் பேசுவதைத்தான் வேடிக்கை பார்க்கிறார்கள்.

திரும்பும்போது நேரம் இருந்தால் புஷ்கினிலிருந்து மின்ரயிலில் வித்தெப்ஸ்க் நிலையத்துக்குக் கூட்டி வருவேன். 1837ல் ரஷ்யாவின் முதல் ரயில் ஓடிய பாதை அது. பெரும்பாலும் தூங்கிக்கொண்டு வருவார்கள். தூங்காத ஒருவர் வந்து, அடுத்த முறை எங்கே போகலாம் என்பார். நிஜமாகவே பழசாக ஒன்று வேண்டும் என்கிற ஆளுக்கு நான் சொல்வது ஓரானியன்பாம். பீட்டர்ஹோஃபைத் தாண்டி அதே கடற்கரையில் இருக்கிறது. போரில் சுற்றிலும் எல்லாம் போனபோது அந்தச் சிறு கரைப்பகுதியை மட்டும் சோவியத் படை கடைசிவரை விடவில்லை. அதனால் 1760களில் கட்டிடக் கலைஞர் ரினால்தி கட்டிய சீன மாளிகை தப்பியது. கண்ணாடிக் குழல்மணிகளைக் கோத்துத் தைத்த சுவர்த்திரைகள் உள்ள அறை ஒன்று அங்கே இருக்கிறது. பால்திய ரயில் நிலையத்திலிருந்து நேராகப் போகலாம், பேருந்து தேவையில்லை, கூட்டமும் இல்லை. கோடையில் மட்டும்தான் திறப்பார்கள். மழை பெய்தால், ஈரம் உள்ளே போகும் என்று அன்றைக்கு மூடிவிடுவார்கள். பீட்டர்ஸ்பர்க் கோடையில் மழை எந்த நாளும் பெய்யும். ஆகவே அதற்கு மட்டும் நான் கிழமை சொல்வதில்லை. காலையில் எழுந்து சன்னலைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள் என்பேன்.